குளம்பு சீவ ஆளில்லை

பால் கொள்முதல் விலையை உயர்த்தச் சொல்லி உற்பத்தியாளர்கள் மறுபடியும் குரல் கொடுக்கிறார்கள். கோரிக்கை நியாயமானதே. புண்ணாக்கும் தவிடும் வைக்கோலும் ஏறிய வேகத்துக்குப் பால் விலை ஏறவில்லை. ஆனால், கறவை மாடு வைத்திருப்பவரின் பணம் சத்தமில்லாமல் கரைகிற இன்னொரு வழி இருக்கிறது. எந்த மனுவிலும் அது இடம்பெறுவதில்லை, அதிகாரிகளும் கேட்பதில்லை. மாட்டின் குளம்பைத்தான் சொல்கிறேன்.

தேயாத குளம்பு

மனிதனுக்கு நகம் வளர்வதுபோல மாட்டுக்குக் குளம்பு வளர்கிறது. மாதம் சுமார் 5 மில்லிமீட்டர். ஆண்டுக்கு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். கரட்டிலும் மேட்டிலும் மேய்ந்து திரியும் மாட்டுக்கு வளர்ந்த அளவு தேய்ந்தும் விடும். அதனால்தான், மேய்ச்சல் மாடு வைத்திருந்த நம் பெரியவர்களுக்குப் பசுவின் குளம்பைச் சீவ வேண்டிய தேவையே வரவில்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் சுமார் 95 லட்சம் மாடுகள் இருந்தன. பெரும்பகுதி ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் கலப்பினம். மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. மேய்க்க ஆளும் இல்லை. கறவை மாடுகளில் பல, நாள் முழுக்க அவிழ்க்கப்படாமலே நிற்கின்றன. காலடியில் சிமெண்ட் தரை, கழுத்தில் இரண்டு முழக் கயிறு, முன்னால் தீவனத் தொட்டி. வளர்கிற குளம்பு தேய்வதற்கு வழியே இல்லை.

நுனி நீண்டுவிட்டால் மாட்டின் பாரம் குதிகால் பக்கம் சாயும். குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. அதற்கும் அடிக்குளம்புக்கும் நடுவே உயிருள்ள மெல்லிய சதை. பாரம் பின்னால் சாயச் சாய, எலும்பின் பின்முனை அந்தச் சதையை அழுத்தி நசுக்கும். முதலில் ரத்தம் கட்டும், பிறகு புண்ணாகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் பின்னங்காலில் வெளிப்பக்கக் குளம்பும், முன்னங்காலில் உட்பக்கக் குளம்பும் மிஞ்சி வளர்ந்து முதலில் கெடும்.

மாடு நொண்ட ஆரம்பித்த பிறகுதான் நாம் காலைத் தூக்கிப் பார்க்கிறோம். அதற்கு வெகு முன்பே அது சொல்லத் தொடங்கியிருக்கும். நடக்கும்போது முதுகு வில்லாக வளையும். கறக்கும்போது ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். படுத்தால் எழுவதற்கு யோசிக்கும், எழுந்தால் படுப்பதற்கு யோசிக்கும். தீவனத்துக்கு முந்திக்கொண்டு வந்த மாடு கடைசியாக வரும். இவற்றில் இரண்டைப் பார்த்துவிட்டாலே போதும், காலைத் தூக்கிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஊக்கத்தொகை போகும் வழி

பிரிட்டனில் 2002இல் வெளியான ஓர் ஆய்வு, நொண்டும் கறவை மாடு ஒரு கறவைக் காலத்தில் சுமார் 360 கிலோ பாலை இழக்கிறது என்று கணக்கிட்டது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் இருந்தது. மாடு நொண்டுகிறது என்று பண்ணையாளர் கண்டுபிடிப்பதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே பால் குறையத் தொடங்கியிருந்தது. கறக்கும் கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

அவ்வளவு கறக்கும் மாடுகள் அல்ல நம்முடையவை. அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் கணக்கை நாமே போடுவோம். 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாயாக உயர்ந்தது. 2023 டிசம்பரில் அதன்மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. ஆக 38 ரூபாய். நாளுக்கு 10 லிட்டர் சங்கத்தில் ஊற்றுபவருக்கு அந்த ஊக்கத்தொகை 100 நாளில் 3,000 ரூபாய். அதே வீட்டு மாட்டுக்குக் கால்வலியால் நாளுக்கு ஒரே ஒரு லிட்டர் குறைந்தால் 100 நாளில் போவது 3,800 ரூபாய். போராடி வாங்கியதற்கு மேலேயே போய்விடுகிறது.

பால் மட்டுமல்ல. கால் வலிக்கும் மாடு பருவத்துக்கு வந்தாலும் அதைச் சரியாக வெளிக்காட்டாது. மற்ற மாட்டின் மேல் தாவாது, தாவ வந்தால் நிற்காது. சினை ஊசி போட வேண்டிய நேரம் நம் கண்ணில் படாமல் போகும். ஒருமுறை தவறினால் அடுத்த வாய்ப்புக்கு மூன்று வாரம். இப்படி இரண்டு மூன்று முறை தவறியதும், “இது சினை பிடிக்காத மாடு” என்று பெயர் வைத்துவிடுவோம். மூன்றாம் ஈத்து, நான்காம் ஈத்தில் நன்றாகக் கறக்க வேண்டிய மாடு சந்தைக்கு அடிமாட்டு விலைக்குப் போகிறது. விற்றவர் சொல்லும் காரணம் சினை பிடிக்கவில்லை என்பது. சினை பிடிக்காததற்குக் காரணம் காலில் இருந்ததா என்று பார்த்தவர் யார்?

லாடக்காரர் போன பிறகு

வண்டி மாடும் ஏர் மாடும் இருந்த காலம்வரை குளம்புக்கென்று ஊருக்கு ஊர் ஓர் ஆள் இருந்தார். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, லாடம் அடிக்கும் முன்பு குளம்பைச் சீவிச் சமன் செய்வார். பிளவுபட்ட குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு, மாட்டுக்கு எட்டு லாடம். தேய்ந்த லாடத்தை மாற்ற மாடு மறுபடி வரும். குளம்பும் மறுபடி சீவப்படும். யாரும் திட்டம் போடாமலே, செலவுக் கணக்கில் தனியாக எழுதாமலே, அந்த வேலை நடந்துகொண்டிருந்தது.

டிராக்டரும் மினி லாரியும் வந்தன. காளை போயிற்று, காளையோடு லாடக்காரரும் போனார். இன்று ரேக்ளா மாடும் குதிரையும் வைத்திருப்பவர்களை நம்பி அங்கொருவர் இங்கொருவர் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களை நினைத்து ஏங்குவது என் நோக்கமல்ல. கயிறு போட்டுச் சாய்க்கும் முறை மாட்டுக்கு வதை. சினை மாட்டுக்கு ஆபத்து. தவிர, அவர் தொட்டது பெரும்பாலும் உழைக்கிற மாட்டைத்தான். கறவைப் பசுவுக்கு அவர் அப்போது தேவைப்படவில்லை. தேவைப்படும் பசு வந்து சேர்ந்தபோது அவர் இல்லை.

கலப்பின மாட்டை நாம் கொண்டுவந்தபோது அதனுடன் உறைவிந்துக் குச்சி வந்தது, கலப்புத் தீவனம் வந்தது, பால் குளிரூட்டும் நிலையம் வந்தது, வங்கிக் கடன் வந்தது. குளம்பு சீவுகிறவர் மட்டும் வரவில்லை. அந்த மாட்டின் பூர்வீக நாடுகளில் இது தனித் தொழில். நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரக் கால்நடை மருத்துவர் டூசான் ராவன் ஐந்து படிகளாக வகுத்த சீவும் முறையைத்தான் உலகின் பல பண்ணைகள் இன்றும் அடிப்படையாக வைத்திருக்கின்றன. குளம்பின் முன்பக்கச் சுவர் இத்தனை நீளம், அடிப்பாகம் இத்தனை கனம், இரண்டு குளம்பும் ஒரே மட்டம், நடுவில் லேசான குழிவு என்று அளவோடு சொல்லும் முறை அது. பெரிய உடம்புள்ள ஹோல்ஸ்டீன் மாட்டுக்கு அவர் வைத்த நீளம் 7.5 சென்டிமீட்டர். அதைவிடச் சிறிய உடம்புள்ள நம் ஜெர்சிக் கலப்பினத்துக்கு அதே அளவு பொருந்தாது.

மருத்துவர்கள் செய்யட்டுமே என்று கேட்கலாம். ஒரு மாட்டின் நான்கு காலையும் ஒழுங்காகச் சீவ அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிடிக்க இரண்டு பேர் வேண்டும். காலையில் மருந்தகத்தின் முன்னால் வரிசையாக நிற்கும் மாடு, ஆடு, கோழிகளைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் கிராமங்களுக்குச் செல்லும் ஒற்றை மருத்துவரிடம் போய் இதைக் கேட்பது நியாயமில்லை. சீழ் வைத்த புண்ணுக்கு அவர் வேண்டும். நீண்ட நகத்தை வெட்ட அவர் வேண்டியதில்லை.

ஆளில்லாத இடத்தை அரிவாளும் மரம் அறுக்கும் ரம்பமும் நிரப்புகின்றன. நுனியை மட்டும் ஒரே போடாக வெட்டி எறிந்துவிட்டு, வேலை முடிந்தது என்கிறார்கள். வெட்டு சதைவரை போய் ரத்தம் பீறிட்டால் மஞ்சளை அப்புகிறார்கள். குளம்பிடுக்கில் புழு வைத்தால் மண்ணெண்ணெய், பினாயில், சில இடங்களில் பேட்டரி அமிலம்கூட ஊற்றுகிறார்கள். புழுவோடு சேர்ந்து நல்ல சதையும் வெந்து போகிறது.

தொட்டியிலும் தரையிலும்

சீவினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். குளம்பு கெடுவதற்குப் பாதிக் காரணம் தீவனத் தொட்டியில் இருக்கிறது. பாசத்தோடு நாம் வைக்கும் அரிசிச் சோறு, கஞ்சி, கல்யாண வீட்டு மிச்சம், மாட்டுப் பொங்கலன்று அள்ளி ஊட்டும் சர்க்கரைப் பொங்கல் எல்லாம் முதல் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகின்றன. அந்த அமிலக் கோளாறு குளம்புக்குள் ஓடும் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கிறது. வயிறு நாலு நாளில் சரியாகிவிடும். குளம்பில் விழுந்த கேடு வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் வரியும் வெடிப்புமாக வெளியே தெரியும். தை மாதத்துப் பொங்கலுக்கும் சித்திரை மாதத்து நொண்டலுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை. விழா நாளில் ஒரு கைப்பிடி ஊட்டினால் போதும். மாட்டுக்கு வேண்டியது பசும்புல்லும் வைக்கோலும் அன்றாடம் கொஞ்சம் தாது உப்புக் கலவையும்தான்.

மீதிப் பாதி தரையில். சாணியிலும் மூத்திரத்திலும் ஊறிய குளம்பு மெத்தென்று ஆகி, சிறு கல் பட்டாலும் கிழியும். கிழிந்த இடத்தில் கிருமி ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது இரட்டிப்பாகும். கொட்டகையில் தண்ணீர் வடிய ஒரு சரிவு, படுக்க ஒரு ரப்பர் விரிப்பு அல்லது காய்ந்த மண் தரை, நாளுக்கு இரண்டு மணி நேரம் அவிழ்த்துவிட ஒரு மூலை ஆகியவை ஆடம்பரம் அல்ல. மழைக்காலத்தில் 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ மயில்துத்தம் கரைத்து, கழுவிய குளம்பை அதில் நனைத்து எடுக்கலாம். மாடு அதைக் குடித்துவிடக் கூடாது. மயில்துத்தத்தில் உள்ள செம்புச் சத்து செம்மறி ஆட்டுக்கு விஷம் என்பதால் அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பரண் ஆடும் கோயில் யானையும்

அதே 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருந்த வெள்ளாடுகள் சுமார் 99 லட்சம். பாறையிலும் முள்காட்டிலும் ஏறி இறங்கும் ஆட்டுக்குக் குளம்புப் பிரச்சினை குறைவு. பரண் மேல் ஆடு வளர்ப்பு பரவிய பிறகுதான் பிரச்சினை பெரிதாகியிருக்கிறது. பலகையிலும் பிளாஸ்டிக் சட்டத்திலும் நிற்கும் ஆட்டின் குளம்பு ஓரம் வளர்ந்து உள்பக்கம் மடிந்துகொள்ளும். மடிப்புக்குள் புழுக்கை சேரும், அழுகும். பரண் கட்ட வழிகாட்டும் காணொலிகள் ஆயிரம் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட வேண்டும் என்று அவற்றில் எத்தனை சொல்கின்றன? ஆட்டைப் பொறுத்தவரை இது கடினமான வேலையும் அல்ல. கிளை கத்தரிக்கும் கத்தரி போன்ற ஒரு கருவி, பிடிக்க ஒருவர், வெட்ட ஒருவர். மடிந்த ஓரத்தை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

கோயில் யானையின் நிலையும் இதுதான். காட்டில் மண்ணில் நடந்து திரிய வேண்டிய யானை, கருங்கல் தளத்தில் சங்கிலியோடு மணிக்கணக்கில் நிற்கிறது. நகம் வெடிப்பதும் பாதத்தில் சீழ் கட்டுவதும் வளர்ப்பு யானைகளின் தீராத தொல்லை. யானைக்கு வெள்ளிக் கொலுசு செய்து போடும் பக்தர்கள், அதன் நகத்தை அரம் போட்டுத் தேய்க்கத் தெரிந்த பாகனுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மெரினாவிலும் சவாரிக்கு நிற்கும் குதிரைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்தியாக வேண்டும். நோயும் காயமும் உள்ள விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சவாரிக்கு உரிமம் தரும் இடத்தில் குதிரையின் காலையும் தூக்கிப் பார்க்கச் சொல்லலாம்.

அடுக்குமாடி நாய்

நகரத்தில் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. டைல்ஸ் தரையில் வாழும் நாய்க்கு நகம் தேய்வதில்லை. நடக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் நகம் தரையில் இடிக்கிறது என்று பொருள். விரல் பக்கவாட்டில் திரும்பி, வழுவழுப்பான தரையில் வழுக்கி, வயதான நாய்க்கு மூட்டு வலி கூடும். காலின் உள்பக்கத்தில் உயரே தொங்கும் ஐந்தாவது நகம் தரையைத் தொடவே தொடாது. கவனிக்காமல் விட்டால் வளையமாகச் சுருண்டு சதைக்குள் இறங்கும். வயதான பூனைக்கும் இதே கதிதான்; கீறுவதற்குத் தெம்பில்லாமல் போனதும் நகம் தடித்துப் பாதத்தில் குத்தும்.

மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும். வெள்ளை நகத்தில் ரத்தம் ஓடும் பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு முன்னாலேயே நிறுத்தலாம். கறுப்பு நகத்தில் தெரியாது, அதனால் மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும். தவறி ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். குட்டியாக இருக்கும்போதே பாதத்தைத் தினமும் தொட்டுப் பழக்கிய நாய்க்கு இது பெரிய காரியமே இல்லை. ஒருமுறை வலித்த நாய்தான் அடுத்தமுறை கடிக்கும். மனிதர்களுக்கான நகவெட்டி வேண்டாம். அது நகத்தை நசுக்கிப் பிளக்கும்.

யார் செய்வது?

வீட்டு நாய்க்கு அதை வளர்ப்பவரே போதும். மாட்டுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கப் புதிய துறை எதுவும் தேவையில்லை.

இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் 1984, பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், உரிய சான்றிதழ் உள்ளவர்கள் சிறு மருத்துவப் பணிகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்கிறது. அந்த வழியைப் பயன்படுத்திக் குளம்பு சீவுதலுக்குத் தெளிவான எல்லை வகுக்கலாம். வளர்ந்ததைச் சீவுவது பயிற்சி பெற்றவர் வேலை. புண், சீழ், ரத்தம் கண்டால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. நம் ஜெர்சிக் கலப்பினத்துக்கு உரிய அளவைப் படத்தோடு ஓர் அட்டையாக அச்சிட்டு, பயிற்சியை அங்கேயே தொடங்கலாம். ஊர் ஊராகப் போய் சினை ஊசி போடும் இளைஞர்களும், மகளிர் குழுக்களிலிருந்து கால்நடைப் பணிக்குத் தேர்வாகும் பசு சகிகளும் முதல் அணிக்குப் பொருத்தமானவர்கள். மாட்டுக்காரர்கள் அவர்களை ஏற்கெனவே அறிவார்கள்.

கத்தி, குறடு, அரம் என்று கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். விலை கூடியது, மாட்டைச் சாய்க்காமல் நிற்க வைத்துக் காலைத் தூக்கிக் கட்ட உதவும் இரும்புச் சட்டம். அதை ஒவ்வொரு சங்கமும் வாங்க வேண்டியதில்லை. ஒன்றியத்துக்கு ஒன்று, சரக்கு ஆட்டோவில் ஏற்றிச் செல்லும் விதமாக ஆவின் மாவட்ட ஒன்றியங்கள் செய்து கொடுக்கட்டும். 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி, முற்றிய புண்ணுக்குக் கைகொடுக்கட்டும்.

எந்த மாட்டுக்குச் சீவ வேண்டும் என்று கண்டுபிடிக்கத் தனி முகாமும் தேவையில்லை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசி போடப்படுகிறது. குளம்பு பார்க்க வேண்டிய இடைவெளியும் அதுவே. ஊசிக்கு வரும் மாட்டைப் பத்தடி நடக்கவிட்டு, முதுகு வளைந்தால் காதுவில்லை எண்ணோடு குறித்துக்கொண்டால் போதும். சீவுவதை அன்றே செய்யக் கூடாது. வேறொரு நாளில், மாட்டுக்கு மாடு கத்தியைக் கிருமிநாசினியில் கழுவிச் செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்தக் கத்தியே ஒரு மாட்டின் நோயை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கறவை வற்றும் நேரம் சீவுவதற்கு ஏற்றது. சினை முற்றிய கடைசி வாரங்களில் மாட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது.

கொட்டகைக்குக் கடன் கொடுக்கும் வங்கிகள், மதிப்பீட்டில் சிமெண்ட் தரையோடு ரப்பர் விரிப்பையும் அவிழ்த்துவிடும் மண் முற்றத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூலியை யார் கொடுப்பது என்பதில்தான் இது போன்ற திட்டங்கள் நின்றுபோகும். முழுவதும் இலவசம் என்று அறிவித்தால் முதல் ஆண்டு விழா நடக்கும், இரண்டாம் ஆண்டு ஆள் வர மாட்டார். மாட்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்து, பாதியைச் சங்கம் ஏற்கட்டும். மீதியை உற்பத்தியாளரின் பால் பணப் பட்டுவாடாவில் தவணையாகப் பிடித்துக்கொள்ளட்டும். தீவனத்துக்கு இப்படித்தான் பிடிக்கிறார்கள், யாரும் சண்டைக்கு வருவதில்லை. மாவட்டத்துக்கு ஐந்து சங்கங்களில் தொடங்கி, சீவிய மாடுகளின் பால் அளவைச் சங்கத்துப் பதிவேட்டிலிருந்தே ஆறு மாதம் எடுத்துப் பார்க்கலாம். முதல் சுற்றை மழைக்கு முன்பு, ஆவணி முடிவதற்குள் முடித்துவிட வேண்டும்.